உறுப்பினர் பக்கத்தில் எழுதத் தக்கவை

என் வாழ்நாளில் நான் வகுத்த விதிமுறை ஒன்றே ஒன்றுதான். எங்கள் பேரூராட்சியின் இணையதளத்தில் மன்ற உறுப்பினர்கள் தத்தம் பக்கங்களில் எவற்றை எழுதலாம், எவற்றை எழுதலாகாது என்று வரையறுத்த ஒன்பது வரிகள் அவை. மன்றம் அதைக் கைதட்டி ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதமே, அதே மன்றத்தில் அதே நாற்காலியிலிருந்து எழுந்து, நான் எழுதியது பிழை, திருத்தித் தாருங்கள் என்று நானே கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபத்து நான்கில் தபால் துறையில் சேர்ந்து, இராமநாதபுரம் கடற்கரையின் சிற்றூர்களிலேயே பணியைக் கழித்து, எங்கள் ஊர் அஞ்சலகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றேன். 2006 உள்ளாட்சித் தேர்தலில் ஆறாம் வார்டுக்காரர்கள் என்னைச் சுயேச்சையாக நிறுத்தினார்கள். மாலைதோறும் சிவன் கோயிலில் நின்று பதிகம் பாடுகிறவர் என்று வாக்களித்தவர்கள் பாதிப்பேர். ஒரு கடிதத்தையும் தவற விடாதவர் என்று வாக்களித்தவர்கள் மீதிப்பேர். ஊரில் எனக்குப் பெயர் போஸ்ட்மாஸ்டரய்யா. மன்றத்திலும் அதுவே நிலைத்தது.

இரண்டு ஆண்டுகள் கழிந்து பேரூராட்சிக்கு இணையதளம் வந்தது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு, தம் வார்டைப் பற்றி எழுதிக் கொடுக்கலாம் என்று செயல் அலுவலர் அறிவித்தார். கூடவே மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்றையும் படித்தார். கட்சிச் சின்னம் கூடாது, தலைவர் படம் கூடாது, மதக் குறி கூடாது, வாக்குக் கேட்கலாகாது, விளம்பரம் ஆகாது. மற்ற விவரங்களை அந்தந்த மன்றமே முடிவு செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம்.

ஒரு வாரத்தில் வந்து குவிந்த பக்கங்களைப் பார்த்து அலுவலகமே சிரித்தது. எங்கள் பகுதியில் எழுத்து என்றால் ஒன்று கல்யாணப் பத்திரிகை, இல்லையேல் தெருமுனையில் கட்டும் பிளெக்ஸ் போர்டு. உறுப்பினர்களும் அந்த மரபிலேயே எழுதியிருந்தார்கள். நான்காம் வார்டுக்காரர் தம்மை ‘வற்றாத ஜீவநதி’ என்று குறித்திருந்தார். அவர் வார்டில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. அவற்றையெல்லாம் பார்த்து நானும் சிரித்தேன். என் பக்கத்தில் பட்டமும் இல்லை, படமும் இல்லை என்ற பெருமை எனக்கு.

ஆனால் நான் செய்திருந்தது அதனினும் பெரிது. அடியார்கள் ஒரு தலத்தைப் பாடும்போது முதலில் அதன் வயலையும் சோலையையும் அலைகடலையும் பாடி, அதன் பிறகே இறைவனிடம் வருவார்கள். அறுபது ஆண்டுகள் அந்தப் பாடல்களில் ஊறிய எனக்கு ஓர் ஊரை வேறு எவ்வாறு எழுதுவது என்றே தெரியாது. ஆறாம் வார்டைப் பற்றிப் பத்துப் பாடல்கள் இயற்றிக் கொடுத்தேன். தெய்வத்தின் பெயர் எங்கும் வரவில்லை. ஆகவே விதி மீறவும் இல்லை. தலைப்பில் இட்டிருந்த பிள்ளையார் சுழியை மட்டும், அலுவலகக் கணிப்பொறியைக் கவனித்து வந்த இளநிலை உதவியாளர் அம்மையார் நீக்கிவிட்டார்.

“மதக் குறின்னு எடுக்கலைங்கய்யா. இந்தச் சுழிக்கு எந்தக் கட்டையைத் தட்டுறதுன்னு தெரியல, அதான்” என்றார்.

பாடல்களில் என் வார்டு செழித்தது. அலை முத்துகளைக் கரையில் சொரிந்தது. தாழை மணந்தது. கோயிலுக்கு எதிரே செங்கழுநீர் மலர்ந்த தண்புனற் பொய்கை நிறைந்து ததும்பியது. உண்மையில் அங்கே இருந்தது ஓர் ஊருணி. அதில் தண்ணீர் நின்று பல கோடைகள் கடந்திருந்தன. கரையெங்கும் கருவேல முள். கடல் எங்கள் வார்டின் எல்லைக்கே வராது. அது பத்தாம் வார்டோடு நின்றுவிடும்.

அந்தப் பத்தாம் வார்டின் உறுப்பினர் ஒரு கத்தோலிக்க மீனவக் குடும்பத்து அம்மையார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கருவாட்டு வியாபாரம். ஒரு கட்சியின் சார்பில் நின்று வென்றவர். என் பாடல்களின் அச்சுப் பிரதியை அலுவலகத்தில் படித்துவிட்டு, வராந்தாவில் என்னை மறித்துக்கொண்டார்.

“ஏன் போஸ்ட்மாஸ்டரய்யா, முத்து எங்கன கெடக்குன்னு மட்டும் சொல்லுங்க. நானும் கருவாட்டக் கட்டிவச்சிட்டுப் பொறுக்க வாரேன்.”

“அது கவி மரபும்மா. உள்ளதை அப்படியே சொல்வதல்ல.”

“ஓகோ. அப்ப இது பேரூராட்சி சொல்றது இல்ல, நீங்க சொல்றது. அதையும் அடியில ஒரு வரி எழுதிருங்க.”

நான் எழுதவில்லை. மார்கழியில் அதற்கு விடை வந்தது. ஒரு நாள் காலை, கோயில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பதினொரு பேர்; பெரும்பாலும் முதியவர்கள். உத்தரகோசமங்கையில் தரிசனம் செய்துவிட்டு இராமேசுவரத்துக்குப் போகும் வழியில், எங்கள் ஊர்ப் பொய்கையில் நீராட வண்டியைத் திருப்பியிருந்தார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி பித்தளைச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமே வந்தார்.

“ஏனுங்கய்யா, செங்கழுநீர்ப் பொய்கை எந்தப் பக்கமுங்க?”

அவர் மருமகன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். என் பாடல்கள். தலைப்பில் பேரூராட்சியின் முத்திரைப் படம். “கவர்மென்ட் சைட்லயே போட்டிருந்துச்சுங்க” என்றார், என் முகத்தைப் பார்த்து ஐயம் தட்டியவராக.

ஊருணியைக் காட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? அந்த மூதாட்டி கரையில் நின்று முள்ளையும் வெடித்த மண்ணையும் பார்த்தார். “மழ பேஞ்சா நெறைஞ்சிருமுங்க” என்று எனக்கே ஆறுதல் கூறிவிட்டு, சொம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேனில் ஏறினார்.

அன்று கோயிலில் எனக்குப் பாட்டு வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவாயிற்று. இறைவனைப் பற்றி எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும் அது அவன் அளவுக்குக் குறைவுதான். ஆகவே அங்கே மிகை என்பதே இல்லை. ஆறாம் வார்டைப் பற்றியோ ஒரு சொல் கூடினாலும் அது பொய். அந்தப் பொய்யை என் வீட்டுச் சுவரில் எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அரசாங்க முத்திரையின் கீழ் எழுதியதால் பதினொரு பேர் மாற்றுத்துணியோடு வந்து இறங்கினார்கள்.

அந்தக் கூச்சம் ஆறுவதற்குள் விதிமுறை எழுதும் பணி எனக்கு வந்தது. நல்ல தமிழில் எழுதக்கூடியவர் என்று தலைவர் என்னைக் குறித்துவிட்டார். எட்டு வரிகள் சுற்றறிக்கையைத் தழுவியவை. ஒன்பதாவது வரி என் சொந்தச் சரக்கு: ‘மன்றத் தீர்மானத்தில் இடம்பெறாத எச்செய்தியும் உறுப்பினர் பக்கத்தில் இடம்பெறலாகாது.’ புளுகுக்கு இனி வழியே இல்லை என்று எழுதி முடித்தபோது எனக்குள் ஒரு நிறைவு. மன்றம் விவாதமே இல்லாமல் ஏற்றது. பத்தாம் வார்டு அம்மையார் மட்டும் அன்று வரவில்லை. அவர்கள் மாதா கோயிலில் திருவிழாக் கொடியேற்றம்.

நான்காம் நாள் அவர் என் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எங்க பக்கத்த யாரு வெட்டுனதுன்னு ஆபீஸ்ல கேட்டேன். உங்க கையெழுத்தக் காட்டுறாக.”

“உங்கள் பக்கத்தில் என்னம்மா இருந்தது?”

“அது கூடப் பாக்காமத்தான் வெட்டுனீகளா?”

பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அவர் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது. பத்தாம் வார்டில் கிணறெல்லாம் உப்பு. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் பேரூராட்சியின் ஒப்பந்த டேங்கர் லாரி நல்ல தண்ணீர் கொண்டுவரும். நாள் தெரியும், நேரம் தெரியாது. காலை எட்டாகவும் இருக்கலாம், பிற்பகல் மூன்றாகவும் இருக்கலாம். அதுவரை பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துக் காத்துக்கிடக்க வேண்டும். மீன் காயவைக்கும் கொட்டகையில் அன்றைய வேலை போய்விடும்.

இந்த அம்மையார் அதற்கு ஒரு வழி கண்டிருந்தார். உள்நாட்டுச் சந்தைக்குக் கருவாடு போட்டுவிட்டுத் திரும்பும் பாதையில்தான் லாரிகள் தண்ணீர் பிடிக்கும் ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் அதைக் கடக்கும்போது தம் வார்டு லாரி எத்தனையாவதாக நிற்கிறது என்று எண்ணிக்கொள்வார். ஒரு லாரி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்கு மனக்கணக்கு. உடனே அலுவலகத்துக்குப் போன் செய்வார். உதவியாளர் அம்மையார் அதை அவர் பக்கத்தில் ஏற்றுவார்: ‘இன்று பத்தாம் வார்டுக்குத் தண்ணீர் லாரி பகல் ஒரு மணிக்கு மேல்.’ கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் கணிப்பொறி உண்டு. காலை இடைவேளையில் ஒரு சகோதரி அதைப் பார்த்து, மாதா கோயில் வாசல் கரும்பலகையில் எழுதிப்போடுவார். பெண்கள் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கொட்டகைக்குப் போவார்கள்.

“அந்தச் சகோதரிக்கே நேரே போன் செய்துவிடலாமே அம்மா?” என்று கேட்டேன்.

“செஞ்சு பாக்காமயா இருப்பேன்? பங்குச் சாமியார் விட மாட்டேங்குறாரு. முன்ன ஒரு தடவ கட்சிக்காரன் ஒருத்தன் சொன்னத நம்பிப் போர்டுல எழுதி, பெரிய சண்டையாப் போச்சு. பேரூராட்சி சொன்னா எழுதலாம், கவுன்சிலர் வாயால சொன்னா எழுதக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அவரு சொல்றதும் ஞாயந்தான்.”

“தீர்மானத்தில் இல்லாததை...” என்று தொடங்கினேன்.

“லாரி எத்தன மணிக்கு வரும்னு எந்தத் தீர்மானத்துல போடுவீக? மாசம் ஒருக்காக் கூடுறோம். நாளைக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னும் சேத்துப் போட்டுருவோமா?” வாசல்படி வரை போனவர் திரும்பினார். “வெள்ளிக்கெழம எங்க தெருவுக்கு வாங்கய்யா. காலையில எட்டு மணிக்கு. கொடையக் கொண்டாங்க.”

போனேன். குடையும் கொண்டுபோனேன்.

மாதா கோயிலுக்கு முன்னால் வடக்கும் தெற்குமாக ஓடும் ஒரே தெரு. நான் போனபோதே குடங்கள் வரிசை கட்டி நின்றன. பச்சை, நீலம், மஞ்சள். கரும்பலகையில் அன்றைய பூசை நேரம் எழுதி, அதன் கீழ் பாதிப் பலகை வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையான பாதி என் விதியின் ஒன்பதாவது வரி என்று எனக்குப் புரிந்தது. ஒரு படகு நிழலில் எனக்கு இடம் கொடுத்தார்கள். நான் யார் என்று தெரிந்ததும் பேச்சு சூடு பிடித்தது.

“இவுகதானா அந்தப் பாட்டெழுதுறவுக?” என்றாள் ஒருத்தி.

“ஆமா. இவுக வார்டுல பொய்கை ததும்புதாம்டி. நாம குடத்தத் தூக்கிக்கிட்டு அங்கனயே போயிருவமா?”

“அய்யா, எங்க தெருவுக்கும் ஒரு பாட்டு எழுதிருங்க. லாரி தானா ஓடி வந்துரும்.”

சிரித்தேன். சிரிப்பதைத் தவிர வழியில்லை. பத்து மணிக்குக் கொட்டகையிலிருந்து ஓர் ஆள் வந்து கூப்பிட்டார். மீன் உப்பில் ஊறிக் கிடக்கிறது, வெயில் ஏறிவிட்டது, இப்போது விரிக்காவிட்டால் கெட்டுவிடும் என்றார் வந்தவர். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏழு பேர் துணிந்து எழுந்து, குடங்களைப் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் கூலியை விட்டுவிட்டு இருந்தார்கள்.

அவ்வேழு பேரில் ஒருத்தி போகும்போது என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். கேலியாகச் சொல்லவில்லை. “போர்டுல எழுதியிருந்த ரெண்டு மாசமும் ஒரு நாக்கூட நான் வேலைய விடலைய்யா.”

லாரி மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வந்தது. குழாயைத் திறந்ததும் தெரு முழுக்கக் கூச்சல். காவலுக்கு இருந்தவர்கள் தங்கள் குடத்தையே நகர்த்த முடியாமல் தவித்தார்கள்; ஒப்படைத்த குடங்கள் பின்னே போயின. செய்தி கேட்டுக் கொட்டகையிலிருந்து ஓடி வந்தவர்களின் கைகளில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அவர்கள் முறை வருவதற்குள் லாரி வற்றிவிட்டது. ஏழு குடங்களும் வெறுங்குடங்களாகவே நின்றன. கூலியை விடாதவர்களுக்குத் தண்ணீர் இல்லை. தண்ணீர் பிடித்தவர்களுக்குக் கூலி இல்லை. பத்தாம் வார்டு அம்மையார் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும்.

வீடு திரும்பும் வழியில் எண்ணிக்கொண்டே நடந்தேன். அடியார்கள் பாடியவை புகழ்ச்சி மட்டுமல்லவே! பாதிப் பாடல்கள் முறையீடுகள். எனக்கு இதைத் தரவில்லை, என்னைக் கைவிட்டாய், எப்போது வருவாய் என்று கோயில் வாசலில் நின்று கேட்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்விகளையும் நம் முன்னோர் பக்தி என்றே போற்றி வைத்தார்கள். நானோ, என் புகழ்ச்சி பொய்யாகிவிட்ட கூச்சத்தில் முறையீட்டையும் சேர்த்துத் தடுத்துவிட்டேன். என்னுடைய பொய்யையும் அந்த அம்மையாரின் மெய்யையும் ஒரே வரியால் அடித்திருந்தேன். அந்த வரிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

ஒரு வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன். அடுத்த மன்றக் கூட்டத்தில் திருத்தத்தை முன்வைத்தேன். தீர்மானத்தில் இல்லாததையும் உறுப்பினர் எழுதலாம். ஆனால் அது அவர் தம் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். கண்ட நாளும் நேரமும் இடமும் குறிக்க வேண்டும். யாரையும் புகழவோ பழிக்கவோ ஒரு சொல்லும் சேர்க்கலாகாது. எழுதியது தவறென்று தெரிந்தால், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் தவறு என்று எழுத வேண்டும்.

செயல் அலுவலர் நேர்மையான மனிதர். அவருடைய அச்சமும் நேர்மையானது. “சார், லாரி எப்ப வரும்னு எழுதுறது சரி. வரலைன்னும் எழுதுவாங்களே? ‘வரவில்லை’ங்கறதே ஆபீஸ் மேல குற்றச்சாட்டுதானே? நம்ம சைட்லயே நம்மைத் திட்டிக்கிற மாதிரி இருக்காதா?”

“நாளைக்கு எல்லாரும் எந்திரிச்சித் தெருவிளக்கு எரியலன்னு எழுதுவாகளே அய்யா?” என்றார் தலைவர்.

“எரியவில்லையென்றால் எழுதட்டும். எரிந்ததும் எரிகிறது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.”

“அப்ப என் வார்டுல தெனமும் ரெண்டையும் எழுதணும்” என்றார் நான்காம் வார்டுக்காரர். மன்றம் சிரித்தது, ஆனால் செயல் அலுவலர் சிரிக்கவில்லை. அவருக்கு விடை சொல்லியாக வேண்டும்.

அப்போது எனக்குத் தெரிந்த ஒரே தொழிலிலிருந்து சொன்னேன். அஞ்சலக வாசலில் நான் ஒரு பலகை வைத்திருந்தேன். தபால் பை வரும் நேரம் அதில் இருக்கும். இரயில் தாமதமான நாள்களில் ‘இன்று பை வரவில்லை’ என்று எழுதிவிடுவேன். தொடக்கத்தில் மேலதிகாரி ஒருவர், இது துறைக்கு இழுக்கு என்று அதை அழிக்கச் சொன்னார். அழித்த நாளில் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள் கவுண்டரை அடைத்துக்கொண்டு, நான் கடிதங்களை ஒளித்து வைத்திருப்பதாகச் சண்டையிட்டார்கள். மறுபடி எழுதினேன். படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ‘வரவில்லை’ என்ற சொல்லை எவரும் துறையின் மீது வசையாகக் கொள்ளவில்லை. மறைத்தபோதுதான் வசை வந்தது.

செயல் அலுவலர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்: “தப்பா எழுதினா அதே இடத்துல தப்புன்னு எழுதுவேன்னு எல்லா உறுப்பினரும் கையெழுத்துப் போடுவாங்களா?”

முதலில் எழுந்து போனவர் பத்தாம் வார்டு அம்மையார். கையெழுத்திட்டுவிட்டு என் நாற்காலியைக் கடக்கும்போது, “பாட்ட விட இது நல்லாருக்குங்கய்யா” என்றார். எனக்கும் அவ்வாறே தோன்றியது.

என் பத்துப் பாடல்களை நானே நீக்கச் செய்தேன். அவற்றின் இடத்தில் ‘ஊருணியில் தண்ணீர் இல்லை’ என்று நாள் குறித்து எழுதினேன். பத்தாம் வார்டுப் பக்கமும் மீண்டது. மாதா கோயில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் சகோதரியின் சாய்ந்த எழுத்து மறுபடி ஏறியது.

மூன்றாம் வாரத்தில்தான் விதிக்கு உண்மையான சோதனை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அம்மையாரின் பக்கத்தில் ‘பிற்பகல் இரண்டு மணி வரை லாரி வரவில்லை’ என்று ஏறியிருந்தது. மறுநாள் லாரி ஓட்டுநர், அபிராமத்துக்காரர், அந்தப் பக்கத்தின் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன். அம்மையாரும் இருந்தார்.

“நான் ஒரு மணிக்கே வந்துட்டேன்க்கா. காத்துல மணல் ஏறி ரோட்ட மூடிக்கிருச்சு, வண்டி உள்ள போகல. வடகோடியிலயே நிப்பாட்டித் தண்ணியத் தொறந்துவிட்டேன். பிடிச்சவுகளக் கேட்டுப்பாருங்க. நீங்க என்னைய வரலைன்னு ஊரு உலகமெல்லாம் பாக்குற மாதிரிப் போட்டுப்புட்டீக. காண்ட்ராக்டர் நாளையிலருந்து வராதங்குறாரு. எனக்கு மூணு பொம்பளப் பிள்ளைக.”

அம்மையார் அந்தப் பிரதியை வாங்கிப் படித்தார். அவர் வியாபாரி, பேச்சில் தோற்கும் வழக்கம் இல்லாதவர். கட்சிக்காரர்கள் இருவர் அவரருகில் நின்றிருந்தார்கள். “விடுங்கக்கா, அவன் வந்ததுக்கு என்ன சாட்சி?” என்றார் ஒருவர். செயல் அலுவலர் கதவருகில் வந்து நின்றார். இப்போது அம்மையார் மறுத்துவிட்டால் அந்தப் பக்கத்தை இனி எந்தச் சகோதரியும் நம்பிக் கரும்பலகையில் எழுத மாட்டார். விதியும் அத்தோடு முடிந்தது.

“சாட்சி எதுக்கு? வடகோடிக்காரிக நேத்துச் சாயங்காலமே சொல்லிட்டாளுக” என்றார் அம்மையார். பிறகு கணிப்பொறிக்கு அருகே போய் நின்று, உதவியாளர் தட்டத் தட்டச் சொன்னார். பேச்சு வழக்கை விட்டு, பிரசங்கத்தில் கேட்ட தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“செவ்வாய்க்கிழமை தண்ணீர் லாரி வரவில்லை என்று நான் எழுதியது தவறு. லாரி ஒரு மணிக்கு வந்தது. தெருவின் வடகோடியில் நின்றது. நான் தென்கோடியில் நின்றிருந்தேன்.”

“எழுத்து அதே சைஸ்தானா?” என்று கேட்டு, குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். ஓட்டுநருக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கச் செய்தார். “இத உங்க காண்ட்ராக்டர் மூஞ்சிக்கு நேரா நீட்டுங்க தம்பி. பெறகும் வேணாம்னா எனக்குப் போன் போடுங்க, நான் வாரேன்.”

செயல் அலுவலர் உள்ளே போனார். அன்று பிற்பகலே ஆள் விட்டுத் தெருவில் ஏறியிருந்த மணலை அள்ளச் சொன்னார் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

காண்ட்ராக்டர் ஓட்டுநரை விலக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியன்று, வேறொரு மனுவுக்காக நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரை மணி இருக்கும். உதவியாளரின் மேசையில் அம்மையாரும் இருந்தார். அவருடைய செல்போன் ஒலித்தது. எடுத்துக் கேட்டவர், புன்னகையோடு அதை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். காற்றிரைச்சலுக்கு நடுவே ஓட்டுநரின் குரல்.

“ஏக்கா, வழியில டயர் வெடிச்சிருச்சு. ஸ்டெப்னியிலயும் காத்தில்ல. இன்னைக்கு ரெண்டு மணிக்கு முன்ன வர ஏலாது. அதையும் போட்டுருங்க. பிள்ளைக சும்மா வெயில்ல நிக்க வேணாம்.”

“உங்க கண்ணால பாத்ததா தம்பி? எங்க போஸ்ட்மாஸ்டரய்யா கேப்பாக” என்றார் அம்மையார், என்னைப் பார்த்துக்கொண்டே.

“டயருக்கு மேலதான்க்கா உக்காந்திருக்கேன்.”

உதவியாளர் அதற்குள் தட்டத் தொடங்கியிருந்தார். பள்ளி இடைவேளைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மீன் விரிக்க வேண்டிய வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.